வலிக்கவில்லையே என்றார் நண்பர்

சென்ற தைப்பூசத்துக்கு எங்கள் நண்பர் ஒருவர் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போய்வந்தார். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், வெறுங்கால் நடை. திரும்பி வந்த நான்காம் நாள், வீட்டின் மொசைக் தரையில் புள்ளி புள்ளியாக ஈரக்கறை கிடப்பதை அவருடைய மனைவி கண்டிருக்கிறார். துடைத்தார், சற்று நேரத்தில் மறுபடியும் கிடந்தது. கறையைத் தொடர்ந்து போனபோது அது நண்பரின் இடது பாதத்தில் போய் நின்றது. உடைமுள் ஒன்று ஆழ ஏறி, உள்ளேயே ஒடிந்து, சீழ் வைத்திருந்தது. "நாலு நாளா இது தெரியலையா?" என்று கேட்டதற்கு நண்பர் சொன்ன பதில், "வலிக்கவே இல்லையே."

எங்கள் பக்கத்தில் உடைமுள்ளைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தேரிக்காட்டிலும் உப்பளத்துக் கரைகளிலும் குடை விரித்தாற்போல நிற்கிற மரம் அது. அதன் முள் ஏறிய காலோடு அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடாத பிள்ளை இங்கே இருந்திருக்க முடியாது. அந்த முள் ஏறியும் ஒரு மனிதருக்கு வலிக்கவில்லை. மதினி தொலைபேசியில் இதைச் சொன்னபோது முள்ளை எண்ணி நாங்கள் அஞ்சவில்லை. வலிக்கவில்லை என்பதே எங்களை அச்சுறுத்தியது.

நாங்கள் நான்கு பேர். தமிழ் கற்பிப்பவர்கள் இருவர், வங்கிப் பணியில் ஒருவர், மூத்தவரான இந்த நண்பர் ஒருவர். மாலைகளில் ரோச் பூங்காப் பக்கம் கூடிப் படித்ததைப் பேசுவது பதினைந்து ஆண்டுப் பழக்கம். அவரை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் அழைப்போம். சங்கப் பாடல்களில் ஐயமென்றால் நாங்கள் முதலில் கேட்பது அவரைத்தான். அவர் அறியாமையில் இருக்கிறார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. எங்கள் கவலையின் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

*

ஏழு ஆண்டுகளுக்கு முன் கல்லூரியில் நடந்த ஒரு மருத்துவ முகாமில் அவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 168 என்று வந்தது. 126-ம் அதற்கு மேலும் மறுசோதனையிலும் வந்தால் நீரிழிவு என்பது மருத்துவக் கணக்கு. மறுசோதனையிலும் ஏறத்தாழ அதுவே வந்தது. "பார்டர்ல இருக்கு" என்றார் அண்ணாச்சி. அந்த எல்லைக்கோட்டைத் தாண்டி 42 புள்ளிகள் உள்ளே வந்துவிட்ட பிறகும் அவர் எல்லையிலேயே நின்றுகொண்டிருந்தார். ஏழு ஆண்டுகளும் அங்கேயே நின்றார்.

தமிழ் படித்தவர்கள் என்பதால் எங்கள் கண் சொற்களின் மேல் போகிறது. நீரிழிவு என்ற நம் சொல்லில் ஒளிவுமறைவு இல்லை. நீர் இழிந்து போகிறது, அவ்வளவுதான். டயாபடீஸ் என்ற கிரேக்கச் சொல்லும் ஊடாகக் கடந்து போவதையே குறிக்கிறது. மதுமேகம் என்று வைத்தியநூலார் சொன்னதில் தேன் இருக்கிறது. 1675-இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் அந்நோயைக் குறிக்க எடுத்தாண்ட சொல்லிலும் தேன்தான் இருக்கிறது. பழையவர்கள் நோய் செய்வதைக் கண்டு பெயர் வைத்தார்கள். நாமோ அந்தப் பெயர்களை ஒதுக்கிவிட்டு 'லேசா சுகர்' என்றும் 'பார்டர்' என்றும் 'ஒரே ஒரு மாத்திரைதான்' என்றும் பேசுகிறோம். இவை நோயைக் குறிக்கும் சொற்கள் அல்ல. நோயிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள உதவும் சொற்கள்.

பார்டருக்கு அடுத்து வந்தது கருப்பட்டி. அண்ணாச்சி வெள்ளைச் சர்க்கரையை ஒரே நாளில் துறந்தார். அது பெரிய துறவாக எங்களிடையே பேசப்பட்டது. அந்த இடத்துக்கு உடன்குடிக் கருப்பட்டி வந்தது. நாளைக்கு மூன்று வேளை கருப்பட்டிக் காப்பி. நம் மண்ணில் விளைந்தது, நம் முன்னோர் உண்டது, அது எப்படித் தீங்கு செய்யும் என்பது அவர் வாதம். உடன்குடிக் கருப்பட்டியின் பெருமையில் எங்களுக்கும் பங்குண்டு. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் கருப்பட்டியில் கொஞ்சம் தாதுக்கள் இருந்தாலும் அதன் பெரும்பகுதி சுக்ரோசுதான். கரும்பிலிருந்து வந்தாலும் பனையிலிருந்து வந்தாலும், இரத்தத்தில் கலந்த பிறகு அதற்கு ஊர்ப்பற்று கிடையாது.

மாத்திரை என்றால் 'இங்கிலீஷ் மருந்து', அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றார். அவருக்கு எழுதித் தரப்பட்டது மெட்ஃபார்மின். ஐரோப்பாவில் பழங்காலம் முதல் மருந்தாக வழங்கிய ஒரு செடியின் வேதிப்பொருளை ஆராய்ந்த வழியில் உருவானது அது. 1957-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதனை நீரிழிவுக்குப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். மூலிகையின் வழியில் வந்த மருந்தை மூலிகையின் பெயரால் மறுத்துக்கொண்டிருந்தார் நண்பர். சிறுநீரகம் முன்பே பழுதுபட்டிருந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார், மருந்தை மாற்றுவார். அந்தப் பழுதை முதலில் உண்டாக்குவது பெரும்பாலும் கட்டுக்கு அடங்காத சர்க்கரைதான். இன்சுலின் என்ற பேச்சு வந்தாலே அவர் முகம் கறுத்துவிடும். "அது கடைசிக் கட்டம்லா" என்பார். 1922 ஜனவரியில் டொரண்டோவில் சாகக் கிடந்த பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டு அவனைப் பிழைக்கவைத்த மருந்துக்கு, நூறு ஆண்டுகள் கழிந்தும் நம் ஊரில் கிடைத்திருக்கும் பெயர் இது.

எல்லாவற்றிலும் எங்களைச் சிரிக்கவும் வருந்தவும் வைத்தது அவர் சோதனைக்குப் போகும் முறை. மூன்று நாள் முன்னதாகவே கஞ்சியும் கீரையுமாக இருப்பார்; காலையும் மாலையும் கடற்கரைச் சாலையில் நடப்பார். நான்காம் நாள் 118 என்று வரும். தேர்வுக்கு முதல்நாள் மட்டும் படித்துத் தேறிவிடும் மாணவனின் மகிழ்ச்சியோடு அன்று மாலை கால் கிலோ மக்ரூனுடன் வருவார். முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்த அந்த வெண்ணிறக் கூம்பு எங்கள் ஊரின் அடையாளம்; எப்படி மறுப்பது? நாங்களும் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்வோம். அவரை ஏமாற்றவியலாத சோதனை ஒன்று உண்டு. எச்பிஏ1சி என்பது, ஏறக்குறைய 120 நாள் வாழும் சிவப்பணுக்களில் படிந்த சர்க்கரையைக் கொண்டு கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கைச் சொல்லிவிடும். அதை மட்டும் அவர் எடுக்கவே இல்லை.

*

இவ்வளவு படித்தவர் ஏன் இப்படி என்று வெகுநாள் வியந்திருக்கிறோம். ஒருநாள் பேச்சுவாக்கில் அவர் தம் தந்தையைப் பற்றிச் சொன்னார். இரு கால்களில் ஒன்று முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டு, கடைசி இரண்டு ஆண்டுகளைத் திண்ணையில் கழித்தவர் அவர். பள்ளி விட்டு வரும் மகனிடம் இல்லாத காலில் அரிப்பதாகச் சொல்வாராம். அண்ணாச்சி இதைச் சொல்லி முடித்துவிட்டு உடனே வேறு பேச்சுக்குத் தாவினார்.

அன்றுதான் எங்களுக்குச் சற்றுப் புரிந்தது. நாங்கள் 'சர்க்கரை' என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அவர் காதில் அந்தத் திண்ணைதான் கேட்டிருக்கிறது. நோயைப் பற்றித் தெரியாதவர் மறுப்பது ஒரு வகை. மிக நெருக்கத்தில் கண்டவர் மறுப்பது வேறு வகை. முன்னவருக்குத் துண்டறிக்கை போதும். பின்னவருக்கு இன்னொரு துண்டறிக்கை தருவது, அவர் இரவெல்லாம் அஞ்சிக்கொண்டிருப்பதைப் பகலிலும் நினைவூட்டுவதாகவே முடியும்.

இந்த மறுப்புக்கு நோயும் துணைபோகிறது. பல்வலிக்காரர் தமக்குப் பல்வலி இல்லையென்று ஒருநாளும் வாதிட முடியாது. சர்க்கரையோ பல ஆண்டுகள் ஓசையின்றி இருக்கிறது. பிறகு நரம்பைத் தொடும்போது, வலியைச் சொல்ல வேண்டிய நரம்பையே மழுங்கடித்துவிடுகிறது.

இதை நன்கு உணர்ந்த மருத்துவர் ஒருவர் நம் மண்ணில் பிறந்தவர். பால் பிராண்டு 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தார். 1946 முதல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயாளரின் விரல்களை நோயே அரித்துத் தின்கிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அவர் கண்டது வேறு. உணர்ச்சி போய்விட்டதால், சூடான பாத்திரத்தையும் ஏறிய ஆணியையும் அவர்கள் அறியவில்லை; அறியாத காயங்களே விரல்களைக் கொண்டுபோயின. வலி என்பது உடலுக்குக் கிடைத்த கொடை என்று பிறகு அவர் எழுதினார். 1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றவர், அதே கண்ணோடு நீரிழிவுக்காரர்களின் பாதங்களையும் பார்த்தார். அங்கும் கதை ஒன்றுதான். தொழுநோயாளரின் மரத்த பாதங்களுக்கென்று நம் நாட்டில் புழக்கத்துக்கு வந்த மென்மையான எம்சிஆர் ரப்பர் செருப்பு, இன்று நீரிழிவுக்காரர்களுக்கும் பரிந்துரைக்கப்படுவது இந்த உறவால்தான்.

ஆகவே அண்ணாச்சி "வலிக்கவே இல்லையே" என்று சொன்னது பொய்யன்று. தமக்கு ஒன்றுமில்லை என்பதற்குச் சான்றாக அவர் காட்டிய அந்த வலியின்மையே நோயின் முதிர்ந்த அறிகுறியாக இருந்தது.

*

நண்பர் ஒருவரின் பிடிவாதம் என்று இதை ஒதுக்கிவிடவும் முடியவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான பேராய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று மதிப்பிட்டது. தமிழகத்தில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 14.4 பேர். அதே ஆய்வுக்குழு 2022-இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரைதான் எங்களை அதிகம் நிறுத்தியது. தமக்கு நோய் உண்டென்று அறிந்தவர்களிலேயே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தோர் 36.3 விழுக்காடுதான். மூவரில் ஏறக்குறைய இருவர் அறிந்தும் அடக்கவில்லை. தெரியப்படுத்துவதோடு கடமை முடிந்தது என்று எண்ணுவோர் இந்த ஒரு எண்ணைப் பார்க்க வேண்டும்.

வறுமையும் மருந்துச் செலவும் காரணமாவது உண்மை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீடு தேடிச் சென்று மாத்திரை தருவது அதற்கான முயற்சி. ஆனால் கதவைத் தட்டி மாத்திரை தருபவரால், உள்ளிருப்பவர் அதை விழுங்குகிறாரா என்று நாள்தோறும் பார்க்க இயலாது. அதற்கப்பால் நம் சமூகத்துக்கே உரிய தயக்கங்கள் உள்ளன. மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் தந்தையின் சர்க்கரை பேசப்படுவதில்லை. பந்தியில் இனிப்பை மறுத்தால் வீட்டாரை மறுத்ததாகும். மருந்து எடுப்பவன் நோயாளி, எடுக்காதவன் நலமானவன் என்றொரு கணக்கும் நம்மிடம் இருக்கிறது.

'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பதற்கும் ஒரு விடை உண்டு. இங்கிலாந்தில் புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரை 1977 முதல் சேர்த்து நடத்திய நெடிய ஆய்வின் முடிவு 1998-இல் வந்தது. தொடக்கத்திலிருந்தே சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழாய்ச் சிதைவுகள் 25 விழுக்காடு குறைந்திருந்தன. பத்தாண்டுகள் கழித்து 2008-இல் மறுபடி கணக்கெடுத்தார்கள். அதற்குள் இரு சாராரின் சர்க்கரையும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டிருந்தது. ஆயினும் தொடக்கத்தில் இறுக்கியவர்களுக்கு நன்மை தொடர்ந்தது. முதல் ஆண்டுகளை உடல் மறப்பதில்லை. எங்கள் நண்பரின் முதல் ஏழு ஆண்டுகள் போய்விட்டன.

*

போனதில் எங்கள் பங்கு என்ன? இதைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

இரண்டு விதமாகத் தவறினோம். முதலாவது மௌனம். அவருடைய மக்ரூனைத் தின்றோம். பார்டர் என்றபோது சிரித்தோம். மூத்தவர், அறிஞர், அவருக்கு நாம் என்ன சொல்வது என்று மரியாதையின் பின்னே ஒளிந்துகொண்டோம். இரண்டாவது அதன் நேர்மாறு. ஒரு திருமணப் பந்தியில் எங்களில் ஒருவர், பரிமாறும் பையனிடம், "சாருக்கு ஜாங்கிரி வைக்காதப்பா, சுகர் பேஷண்ட்" என்று உரக்கச் சொல்லிவிட்டார். வரிசையே திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி அந்தப் பையனை அழைத்து இரண்டு வாங்கி, இரண்டையும் மெதுவாக, எங்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அன்று அவர் உண்டது இனிப்பை அன்று, எங்கள் அதிகாரத்தை.

ஒருவரின் இலையைக் காவல் காப்பது அக்கறையின் எளிய வடிவம். நமக்கு ஒன்றும் செலவில்லாதது. சோதனை நாளில் வெறும் வயிற்றோடு அவருடன் வரிசையில் நிற்பதற்கு நம் காலைப்பொழுது செலவாகும். அதனால்தான் முன்னதைச் செய்ய ஆயிரம்பேர் வருகிறார்கள், பின்னதற்கு எவரும் வருவதில்லை.

திருக்குறளின் பொருட்பாலில் நட்பியல் என்று பகுக்கப்படும் பகுதி, 79-ஆம் அதிகாரமான நட்பில் தொடங்கி 95-ஆம் அதிகாரமான மருந்தில் முடிகிறது. பரிமேலழகர் பகுப்பு வேறு. அவர் இவற்றை அங்கவியலுள் அடக்குவார். வகுப்பில் ஆண்டுதோறும் இதைச் சொல்லியிருக்கிறோம். ஏன் மருந்து அங்கே இருக்கிறது என்று ஒருமுறையும் நின்று யோசித்ததில்லை. மருந்ததிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிலிருந்து அதைக் கொடுப்பவன். அந்த நான்காமவனை மருத்துவத்தின் புறத்தே நிறுத்தாமல் அதன் கால்பங்காகவே வள்ளுவர் வைத்திருக்கிறார். அண்ணாச்சியிடம் மருத்துவர் இருந்தார், மருந்து இருந்தது. நான்காவது இடம் ஏழு ஆண்டுகள் காலியாக இருந்தது. மதினி ஒருத்தியே அதில் தனியாக நின்று திட்டும் வாங்கியிருக்கிறார்.

இந்தக் கரையின் முத்துக்குளிப்பில் இதற்கு ஒரு முறையே இருந்தது. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அதைக் கண்ட முதியவர்களின் சொற்களில்தான் இப்போது எஞ்சியிருக்கிறது. குளிப்பவர் கல்லின் கனத்தோடு மூச்சடக்கி இறங்குவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. உடன்பிறந்தவளின் வாழ்வு அதில் தொங்குவதால் அவன் கண்ணயர மாட்டான். மூச்சடக்கும் உடலும் சிலவேளை எச்சரிக்காமலே நினைவிழந்துவிடும். எனவே கீழே இருப்பவரின் உணர்வை மட்டும் நம்பி யாரும் இறங்கியதில்லை. மேலே இருப்பவர் அவருக்குப் பதிலாகக் குளிப்பதுமில்லை, அறிவுரை சொல்வதுமில்லை. கயிற்றை விடாமல் இருப்பார்.

*

முள் எடுத்த பிறகு, எங்களில் இருவர் அவர் வீட்டுக்குப் போனோம். மதினி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சுற்றி வளைக்காமல் சொன்னோம்: "அண்ணாச்சி, எங்களுக்குப் பயமா இருக்கு. அப்பாவுக்கு ஆனது உங்களுக்கு ஆயிரக்கூடாது. அந்த ரத்த டெஸ்டை எடுத்திருவோம். நாங்களும் கூட வாரோம், நாங்களும் எடுக்கோம்." அவர் பதில் பேசவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பும் வழக்கமுள்ளவர், அன்று எழுந்திருக்கவில்லை. மூன்று வாரம் பூங்காவுக்கும் வரவில்லை. உறவே முறிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.

நான்காம் வாரம் அவரே அழைத்தார். "நாளைக்கு வெறும் வயித்துல வரணுமா, சாப்பிட்டுட்டு வரலாமா?" இதற்கு வெறும் வயிறு தேவையில்லை என்றோம். நால்வரும் போனோம். அவருக்கு 10.4. 6.5-க்கு மேல் நீரிழிவு. எங்களில் ஒருவருக்கு 6.1 வந்தது, பந்தியில் ஜாங்கிரியைத் தடுத்தவருக்கு. இப்போது உண்மையாகவே பார்டரில் நிற்பவர் அவர்தான். அண்ணாச்சி அன்று வெகுநேரம் சிரித்தார்.

புண் ஆற ஒன்பது வாரம் ஆனது. இரவில் கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார். எம்சிஆர் செருப்பு இல்லாமல் வாசல் இறங்குவதில்லை. அடுத்த தைப்பூசத்துக்குச் செருப்போடு நடக்கலாமா, பேருந்தில் போகலாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. முருகன் கோபிக்கமாட்டான் என்று நாங்கள் சொல்கிறோம்; அவர் யோசிக்கிறார். மாத்திரையை வாரத்தில் ஒருநாள் மறக்கிறார். மறதியா மறுப்பா என்று கேட்பதில்லை. கருப்பட்டிக் காப்பி மூன்றிலிருந்து ஒன்றாகியிருக்கிறது. கண் மருத்துவரிடம் போக வேண்டும் என்றால் மட்டும் இன்னமும் பேச்சை மாற்றுகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நால்வரும் சேர்ந்து இரத்தம் கொடுப்பது என்று வைத்திருக்கிறோம்.

இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டோம். "எழுதுங்க, பேரை மட்டும் போட்டுராதீங்க" என்றார். சற்றுப் பொறுத்து, "அப்பாவப் பத்தியும் எழுதுங்க" என்றார். எழுதிவிட்டோம்.